சென்னையில் ஃபிளாட் விலை சரியப் போகிறதா? பொறுக்கலாமா, வாங்கிவிடலாமா?

வாடகைக்குடி

எல்லாருக்கும் வணக்கம். மேடவாக்கம் கூட்ரோடு பக்கம் ஆறு வருடமாக வாடகைக் குடித்தனம். வாடகை 19,000, மெயின்டெனன்ஸ் தனி. பெரும்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருக்கும் ஒரு ப்ராஜெக்டில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் பார்த்தோம். 1,050 சதுர அடி, கார் பார்க்கிங்கோடு 78 லட்சம். ஜிஎஸ்டி, பதிவு எல்லாம் அதற்கு மேல். இதே பில்டர் இதே ரோட்டில் 2020-ல் போட்ட முந்தைய ப்ளாக்கைச் சதுர அடி 4,900-க்குக் கொடுத்தார். இப்போது 7,400. இடையில் அங்கே என்ன வந்தது என்று பார்த்தால் ஒரு சூப்பர் மார்க்கெட், மெட்ரோவுக்காகத் தோண்டிப் போட்ட ரோடு, அவ்வளவுதான்.

ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர், "ஒரு வருடம் பொறு, மொத்தமும் சரியப் போகிறது" என்கிறார். மாமனார், "நிலம் விலை இறங்கி நீங்க எங்கே பார்த்தீங்க மாப்பிள்ளை" என்கிறார். மனைவி இரண்டு பேர் பேச்சையும் காதில் போட்டுக்கொள்ளாமல் ஒரு எக்செல் ஷீட் போட்டு வைத்திருக்கிறாள். அதை எப்படித் திருப்பினாலும் மாதம் 9,000 துண்டு விழுகிறது.

விழுமா, விழாதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேச்சிலர் பையன்

விழும் ப்ரோ. 50% விழும். 2025 ஜூலையில் டிசிஎஸ்ஸே 12,000 பேருக்கு மேல் குறைக்கிறோம் என்று அறிவித்துவிட்டது. ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் ரோடு) முழுக்க ஐடி சம்பளத்தில் நிற்கிற கட்டடம். ஏஐ வந்து சம்பளத்தை எடுத்துவிட்டால் கட்டடம் எப்படி நிற்கும்? அமெரிக்காவில் 2008-ல் என்ன ஆச்சு?

தாம்பரத்தார்

தம்பி, எனக்கு வயது அறுபத்தெட்டு. நான் பார்த்து இந்த ஊரில் மனை விலை இறங்கியதே கிடையாது. 1996-ல் வண்டலூர் தாண்டி அரை கிரவுண்டு வாங்கினேன். அப்போது என் ஸ்கூட்டர் விலைதான் அந்த மனைக்கும். இன்றைக்கு அந்தத் தெருவில் யாரும் லட்சத்தில் பேசுவதில்லை. கோடிக்கு எத்தனை குறைச்சல் என்றுதான் பேச்சு. மண் ஏமாற்றாது. நீங்கள் வாங்குகிற ஃபிளாட்டில் மண் எத்தனை சதுர அடி என்று மட்டும் கேளுங்கள்.

ஓஎம்ஆர்2013

ஐயா சொல்வது மனைக்குச் சரி. ஃபிளாட்டில் என் கதையைச் சொல்கிறேன்.

2013-ல் படூரில் 1,150 சதுர அடி, சதுர அடி 4,100-க்குப் போட்டேன். பார்க்கிங், கிளப் ஹவுஸ், இபி டெபாசிட், அது இது என்று சேர்ந்து 52 லட்சம். 2015-ல் சாவி என்றார்கள், 2017-ல் கொடுத்தார்கள். அந்த இரண்டு வருடமும் வாடகையும் கட்டினேன், வங்கிக்கு வட்டியும் கட்டினேன். 2018-ல் எனக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். சரி, விற்றுவிடலாம் என்று 58 லட்சம் போட்டேன். புரோக்கர்கள் மட்டும்தான் போன் செய்தார்கள். 2019-ல் 55-க்கு இறங்கினேன். அந்த ஜூன் மாதம் ஞாபகம் இருக்கிறதா? ஊரே தண்ணீருக்குக் குடத்தோடு நின்றது. காலை 6 முதல் 8 வரைதான் தண்ணீர் என்று அசோசியேஷன் வாட்ஸ்அப்பில் போட்டது. ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வந்தவர்கள் ஹாலைப் பார்க்கவில்லை, பால்கனியைப் பார்க்கவில்லை. நேராகப் போய் கிச்சன் குழாயைத் திறந்தார்கள். காற்றுதான் வந்தது. காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

2020 நவம்பரில் 49 லட்சத்துக்கு விற்றேன்.

52-க்கு வாங்கி 49-க்கு விற்றால் 6% நஷ்டம்தானே, இதைப் போய்ச் சரிவு என்று யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் விலைவாசியோடு மட்டும் ஏறியிருந்தால்கூட அது 73, 74 லட்சம் ஆகியிருக்க வேண்டும். வாங்கிய வருடம் சவரன் 22,000 பக்கம், விற்ற மாதம் 38,000 பக்கம். பேச்சிலர் தம்பி, நீங்கள் 50% விழும் என்று காத்திருக்கிறீர்கள். எனக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு விழுந்துவிட்டது. சத்தமே கேட்கவில்லை, அவ்வளவுதான்.

பேச்சிலர் பையன்

அண்ணா, அப்போ நான் சொன்னதுதானே சரி? விழும்தானே?

ஓஎம்ஆர்2013

இன்னும் கேளுங்கள். என்னிடம் 49-க்கு வாங்கிய தம்பதி இப்போது 72 கேட்கிறார்கள். அதே ஃபிளாட், அதே குழாய். சென்னையில் வீட்டு விலை ஏறும் என்று அவர்கள் சத்தியம் செய்வார்கள். நான் மாற்றிச் சத்தியம் செய்வேன். இரண்டும் பொய் இல்லை.

கணக்கம்மா

விழுமா விழாதா என்பதை விடுங்கள். வாடகைக்குடி, உங்கள் மனைவியின் ஷீட்டில் இவை எல்லாம் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80% வரைதான் வங்கி தரலாம், இது ரிசர்வ் வங்கி விதி. 78-க்கு 62.4 லட்சம். மீதி 15.6 உங்கள் கையிலிருந்து. கட்டி முடியாத வீடு என்பதால் ஜிஎஸ்டி 5%, அது 3.9 லட்சம். பதிவுக்கு முத்திரைத் தீர்வை 5, கட்டணம் 2, ஆக 7%. அது ஐந்தரை லட்சம். மொத்தம் 25 லட்சம் கையில் இருந்தால்தான் கதவைத் திறக்கவே முடியும். கபோர்டு, ஃபேன், கிரகப்பிரவேசச் சாப்பாடு எதையும் நான் சேர்க்கவில்லை.

62 லட்சம், 7.75% வட்டி, 20 வருடம் என்றால் ஈஎம்ஐ ஏறக்குறைய 51,000. முதல் தவணையில் 40,000 வட்டிக்கே போகும். நீங்கள் இப்போது கொடுக்கிற வாடகை 19,000. அதாவது வீட்டுக்காரருக்குக் கொடுப்பதைப் போல் இரண்டு மடங்கை வங்கிக்கு வாடகையாகக் கொடுக்கப் போகிறீர்கள். புது வரித் திட்டத்தில் இருந்தால் சொந்தக் குடியிருப்புக்கான வட்டிக் கழிவும் கிடையாது.

வட்டி, முடங்கிய 25 லட்சத்துக்கு எஃப்டியில் வந்திருக்கக்கூடியது, சொத்து வரி எல்லாவற்றையும் கூட்டி, மிச்சமாகும் வாடகையைக் கழித்தால் முதல் வருடம் நாலரை லட்சம் நிற்கிறது. 78-ல் அது ஐந்தரை, ஆறு சதவீதம். விலை வருடம் ஆறு சதவீதம் ஏறினால் நீங்கள் நின்ற இடத்தில் நிற்கிறீர்கள். ஏறாமல் சும்மா இருந்தாலே நஷ்டம். ஓஎம்ஆர்2013 சொன்னது இதுதான்.

தாம்பரத்தார்

அம்மா, கணக்கு எல்லாம் சரி. வாடகை வீட்டில் ஆணி அடிக்க ஒரு சொல் கேட்க வேண்டும். மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் "சொந்த வீடா" என்று கேட்பார்கள். அதற்கு அந்த ஷீட்டில் எந்தக் கட்டம் போடுவீர்கள்?

கணக்கம்மா

போடலாம் ஐயா. மாதம் 32,000 அதிகம் கொடுத்து ஆணி அடிக்கிறோம் என்று தெரிந்து அடித்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. முதலீடு என்று சொல்லிக்கொண்டு அடிப்பதுதான் பிடிக்கவில்லை.

ஈஎம்ஐ அடிமை

சரிவு வராததற்கு ஒரு காரணம் என் பாஸ்புக்கில் இருக்கிறது.

2021-ல் 50 லட்சம் கடன் வாங்கினேன். ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தருகிற வட்டி) 4%, அதற்கு மேல் 2.7, ஆக 6.7%. 20 வருடத்துக்கு ஈஎம்ஐ 37,870. 2022 மே மாதம் ரிசர்வ் வங்கி ஏற்ற ஆரம்பித்து, 2023 பிப்ரவரியில் ரெப்போ 6.5-ல் வந்து நின்றது. என் வட்டி 9.2%. ஆனால் ஈஎம்ஐ மாறவே இல்லை. நானும் பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் வட்டிக்கு மட்டும் 37,100 போகிறது. அசலில் கழிவது 700 சொச்சம். என் மகன் டியூஷன் பீஸே அதை விட அதிகம். அந்த வேகத்தில் கடன் அடைய நாற்பது வருடத்துக்கு மேல் ஆகும். எனக்கு அப்போதே வயது நாற்பத்தொன்று.

அப்புறம் வங்கியிலிருந்து அழைத்து, ஈஎம்ஐயை 41,300 ஆக்கி 25 வருடமாக்கலாமா என்றார்கள். தலையாட்டினேன். இப்போது ரெப்போ 5.25-க்கு இறங்கியதால் கொஞ்சம் மூச்சு வருகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வட்டி இரண்டரை சதவீதம் ஏறியபோது என்னைப் போல எத்தனையோ பேர் திணறியிருக்க வேண்டும், வீட்டை விற்றிருக்க வேண்டும். யாரும் விற்கவில்லை. காலத்தை நீட்டி வலியை மறைத்துவிட்டார்கள். அதையும் மீறிப் போனால் வீட்டம்மா வளையல் அடகுக்குப் போகுமே தவிர வீடு போகாது. விற்க வருகிறவன் இல்லாத சந்தையில் விலை எப்படி விழும்?

மார்க்கம் மாமா

கனடாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கம் நிஜமாகவே விழுந்தது, அதனால் வித்தியாசம் சொல்ல முடியும்.

டொரண்டோ பெரும்பாகத்தில் 2022 பிப்ரவரியில் சராசரி வீட்டு விலை 13.3 லட்சம் டாலர். 2025 முடிவில் பத்தரை லட்சத்துக்கும் கீழே. இதில் ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் தமிழ்ச் சனம் பட்ட பாடு சொல்லி முடியாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 0.25% ஆக இருந்த மத்திய வங்கி வட்டி 2023 ஜூலையில் 5%. இங்கே பெரும்பாலும் ஐந்து வருட மார்ட்கேஜ். ஐந்தாம் வருடம் புது வட்டிக்கு மாற்றித்தான் ஆக வேண்டும், அன்றைக்கு மாதத் தவணை ஒரேயடியாக ஏறும். உங்கள் வங்கி போலக் கண்ணை மூடிக்கொண்டு நாற்பது வருடம் நீட்டிக்கொண்டிருக்காது.

அதை விட மோசம் கட்டாத காண்டோ, அதாவது உங்கள் ஊர் ஃபிளாட். என் அக்கா மகன் 2021-ல் வரைபடத்தைப் பார்த்து ஒன்று புக் செய்தான். அட்வான்ஸ் மட்டும் 20%. கட்டி முடித்து வங்கி மதிப்பீட்டாளரை அனுப்பினால், ஒப்பந்த விலையை விட 1.2 லட்சம் டாலர் குறைவாக மதிப்புப் போட்டார். வங்கி அந்தக் குறைந்த மதிப்புக்குத்தான் கடன் தரும். மீதியைக் கையிலிருந்து கொடு, இல்லையென்றால் அட்வான்ஸ் போச்சு, பில்டர் வழக்கும் போடுவான். சீட்டு எடுத்து, இரண்டு உறவினரிடம் கடன் வாங்கி முடித்தான். அவனோடு புக் செய்த இன்னும் மூன்று பேர் விட்டுவிட்டுப் போனார்கள்.

சரிவு என்றால் அதுதான். விற்க விருப்பமில்லாதவனை ஒரு தேதி வந்து விற்க வைக்க வேண்டும். உங்கள் ஊரில் அந்தத் தேதி எது?

பேச்சிலர் பையன்

லேஆஃப் தேதிதான் மாமா.

மார்க்கம் மாமா

வேலை போனால் ஒருவனுக்குப் போகும், அவன் வீடு ஒன்று சந்தைக்கு வரும். ஒரே வருடத்தில் எல்லாருக்கும் தவணை ஏறினால் தெருவே சந்தைக்கு வரும். இரண்டும் வேறு. ஆனால் நீ சொல்வதை முழுக்கத் தள்ளவும் முடியாது. ஒரே தொழிலை நம்பி ஒரே ரோட்டில் எல்லாரும் வீடு வாங்கியிருந்தால் கொஞ்சம் பயப்படத்தான் வேண்டும்.

சைட் ஆள்

பதினேழு வருடமாகக் கட்டுமானத் துறையில் இருக்கிறேன், இப்போது ஓஎம்ஆர் பக்கம் ஒரு சைட்டில். பில்டர் பக்கமிருந்து யாரும் பேசவில்லை, அதனால் நான்.

விலையை நாங்கள் குறைக்க மாட்டோம். குறைக்கவும் முடியாது. ஏற்கெனவே எண்பது பேர் 7,000-க்கு புக் செய்திருக்கும்போது எண்பத்தொன்றாவது ஆளுக்கு 6,200 என்றால், மறுநாள் காலை எண்பது பேரும் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். அதனால் விற்பனை படுத்தால் மாடுலர் கிச்சன் இலவசம், பதிவுச் செலவு எங்களுடையது, ஏசி இரண்டு, தங்கக் காசு என்று வரும். நாளிதழ் விளம்பரத்தில் விலை அப்படியே இருக்கும். இன்னும் படுத்தால் மூன்றாவது டவரைத் தொடங்காமல் புல் முளைக்க விடுவோம். ஆக, பேப்பரில் விலை பார்த்துச் சரிவைக் கண்டுபிடிக்க நினைக்காதீர்கள். கிரேனைப் பாருங்கள். கிரேன் நின்றுபோய் ஆறு மாதம் ஆகிறது என்றால் அங்கே பேரம் பேசலாம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சைட்டில் கட்டுமானத்துக்கு மட்டும் சதுர அடிக்கு 2,700 ஆகிறது. நிலம் ஜாயிண்ட் வென்ச்சர், கட்டியதில் 45% நிலத்துக்காரருக்கு. அதாவது நூறு சதுர அடி கட்டி ஐம்பத்தைந்தைத்தான் விற்க முடியும். அப்படியானால் 2,700 என்பது 4,900 ஆகிவிடுகிறது. அதற்கு மேல் அனுமதிக் கட்டணம், வட்டி, விளம்பரம், புரோக்கர் கமிஷன். 7,400-ல் லாபம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பாதி விலைக்கு வந்தால் கட்டுவதை நிறுத்திவிடுவோமே தவிர விற்க மாட்டோம்.

ஒரு விஷயம், இதை எங்கள் சேல்ஸ் டீம் படிக்காமல் இருக்கட்டும். அந்த 45% இருக்கிறதே, நிலத்துக்காரர் பங்கு ஃபிளாட்கள், அவர் பையனுக்குக் கல்யாணம், மகளுக்கு மெடிக்கல் சீட் என்று வரும்போது பில்டர் விலையை விடக் குறைத்துத்தான் விற்பார். அதே கட்டடம், அதே லிஃப்ட். கட்டி முடித்துச் சான்றிதழ் வாங்கிய பிறகு வாங்கினால் ஜிஎஸ்டியும் இல்லை. ப்ராஜெக்டில் நிலத்துக்காரர் யார் என்று கேட்டு நேராகப் போய்ப் பேசுங்கள்.

வாடகைக்குடி

சைட் ஆள் சார், இதற்கே உங்களுக்கு ஒரு காபி வாங்கிக் கொடுக்க வேண்டும். விசாரிக்கிறேன்.

வில்லங்கம்

சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதுகிற ஆள் நான். இரண்டு விஷயம்.

ஒன்று, விலை ஏறியது இறங்கியது என்று குறியீட்டெண் காட்டிப் பேசுகிறார்களே, அதில் எனக்குச் சிரிப்பு வரும். ரிசர்வ் வங்கியின் வீட்டு விலைக் குறியீடு பதிவுத் துறைத் தரவை வைத்துத்தான் வருகிறது. அந்தத் தரவை உண்டாக்கியவர்களில் நானும் ஒருவன். எங்கள் ஊரில் நெடுங்காலமாக வழிகாட்டி மதிப்புக்குத்தான் (அரசு அந்தந்தத் தெருவுக்கு வைத்திருக்கும் மதிப்பு) பத்திரம், மிச்சம் ரொக்கமாக மஞ்சள் பையில். 2017 ஜூனில் அரசு வழிகாட்டி மதிப்பை 33% குறைத்துப் பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4% ஆக்கியது. 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழையபடி ஏற்றிக் கட்டணத்தை 2% ஆக்கியது. இந்த இரண்டு தேதியிலும் பத்திரத்தில் எழுதிய தொகை மாறியது. உண்மையில் கைமாறிய பணம் மாறவில்லை. இதைப் படம் வரைந்து பார்த்து, விழுந்தது, எழுந்தது என்றால் நான் என்ன சொல்ல? இப்போது முக்கால்வாசி பேர் வங்கிக் கடனில் வாங்குவதால் பத்திரம் கொஞ்சம் உண்மை பேசுகிறது. மனையில் இன்னும் பை இருக்கிறது.

இன்னொன்று, தாம்பரத்தார் ஐயா கேட்ட கேள்வி. அதுதான் சரியான கேள்வி. யுடிஎஸ், அதாவது ஃபிளாட்டோடு உங்கள் பெயருக்கு வருகிற பிரிக்காத நிலப் பங்கு, எத்தனை சதுர அடி? முன்னெல்லாம் யுடிஎஸ்ஸுக்கு ஒரு கிரையப் பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று இரண்டாக எழுதுவோம். அதனால் வாங்குகிறவர் கண்ணில் அந்த எண் படும். 2023 டிசம்பரிலிருந்து புது ஃபிளாட்டுக்கு நிலமும் கட்டடமும் சேர்த்துக் கூட்டு மதிப்பில் ஒரே பத்திரம். இப்போது வருகிறவர்கள் அந்த வரியைப் படிப்பதே இல்லை. 1,050 சதுர அடி ஃபிளாட்டுக்கு 500 கிடைக்கும் சின்னக் கட்டடமும் உண்டு, 270 தருகிற உயரமான டவரும் உண்டு. இருபது வருடம் கழித்துக் கட்டடத்துக்குக் கிழட்டு விலைதான், உங்களுக்கு மிஞ்சுவது அந்த 500-ஓ 270-ஓ.

பெரும்பாக்கம் என்பதால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் ராம்சார் பட்டியலில் (உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியல்) வந்தது. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், ராம்சார் எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் ஆய்வு முடியும் வரை புதிய திட்ட அனுமதி தரக் கூடாது என்று சொல்லியிருக்கிறது. உங்கள் ப்ராஜெக்டின் சர்வே எண் எங்கே விழுகிறது, அனுமதி எந்தத் தேதியில் வாங்கியது, ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு எண் என்ன, மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வங்கி லீகல் பார்த்துவிட்டது என்று சொன்னால் போதாது. வங்கி அதன் பணத்துக்காகப் பார்க்கும்.

தாம்பரத்தார்

பார்த்தீர்களா, மண்!

வில்லங்கம்

ஐயா, வண்டலூர் மனைக்கு அப்ரூவல் உண்டா?

தாம்பரத்தார்

(இதற்கு நான் பதில் எழுத வேண்டாம் என்றுதான் நேற்று முழுக்க இருந்தேன்.)

கிடையாது. 1996-ல் யார் கேட்டார்கள்? பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்துப் போட்ட ஒரு வரைபடம் இருந்தது. பெரியவளுக்கு 2017 தை மாதம் கல்யாணம் வைத்திருந்தோம். மனையை விற்றுச் செய்வதாக ஏற்பாடு. 2016 ஆகஸ்டில் ஆள் வந்து விலை பேசி அட்வான்ஸும் கொடுத்தார். செப்டம்பர் 9-ம் தேதி உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று உத்தரவு போட்டது. சரி, கொஞ்ச நாளில் தீரும் என்று இருந்தோம். நவம்பர் 8 ராத்திரி ஐந்நூறு ஆயிரம் செல்லாது என்றார்கள். வாங்க வந்தவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். நான் வாங்கியதும் அதே ஐந்நூறு ரூபாய்க் கட்டுதான். கட்டு பிரிக்காமல் அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

கல்யாணத்தை என் பி.எஃப். பணத்தில் செய்தேன். மனையை அப்புறம் பணம் கட்டி வரன்முறை செய்துகொண்டேன். விலை இறங்கவில்லை, அது உண்மை. அன்றைக்குப் பத்துப் பைசாவுக்கு எடுக்கவும் ஆள் இல்லை, அதுவும் உண்மை.

ஓஎம்ஆர்2013

ஐயா, இந்த இழையிலேயே உங்களுடையதுதான் பெரிய சரிவு.

பேச்சிலர் பையன்

நொய்டாவை விட்டுவிட்டீர்களே. அங்கே ஆம்ரபாலி என்ற பில்டரிடம் நாற்பதாயிரம் பேருக்கு மேல் பணம் கட்டிவிட்டு வீடு இல்லாமல் நின்றார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்டு ரெரா பதிவை ரத்து செய்து, அரசு நிறுவனமான என்பிசிசியிடம் கட்டச் சொன்னது. அதுவும் இந்தியாதான்.

சைட் ஆள்

அது சரியான உதாரணம் தம்பி. அங்கே நடந்தது வாங்குகிறவர் பணத்தை எடுத்து அடுத்த நிலத்தில் போடுவது. ரெரா சட்டத்தில் வசூலில் 70% தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்று வைத்ததே அந்த வியாதிக்குத்தான். சென்னையில் நிலத்துக்காரரோடு கூட்டு என்பதால் நிலத்தில் போட்ட பணம் குறைவு, அந்த அளவுக்கு வெறியாட்டம் இல்லை. ஆனால் 2018-ல் ஐஎல் அண்ட் எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் விழுந்த பிறகு மற்ற நிதி நிறுவனங்கள் கையை மூடிக்கொண்டபோது, எனக்குத் தெரிந்தே ஓஎம்ஆரில் இரண்டு சைட்டில் கம்பி துருப்பிடித்து நின்றது. அங்கே புக் செய்தவர்களைக் கேட்டால் சரிவு வந்ததா இல்லையா என்று சொல்வார்கள்.

மட்டுறுத்துநர்

யார் ஆட்சியில் விலை ஏறியது என்ற ஏழு பதிவுகள் நீக்கப்பட்டன. வீட்டைப் பற்றி மட்டும் பேசவும்.

கணக்கம்மா

இதுவரை பேசியதில் எனக்கு ஒன்று உறுத்துகிறது. ஈஎம்ஐ அடிமை விற்கவில்லை, பில்டர் குறைக்கவில்லை, தாம்பரத்தாருக்கு ஆள் வரவில்லை, ஓஎம்ஆர்2013 இரண்டரை வருடம் காத்திருந்தார். எல்லாரும் விலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், அதனால் விலை நிற்கிறது. விழுவது விலை அல்ல, விற்பனைதான். வாடகைக்குடி கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. பத்து வருடத்துக்குள் இந்த வீட்டை விற்க வேண்டிய நிலைமை வருமா? வேலை போவது, ஊர் மாறுவது, அம்மா அப்பா உடம்பு. வரும் என்றால் 78 உங்களுக்கு ஆபத்து. வராது, மாதம் 51,000 ஒரு சம்பளத்திலேயே கட்ட முடியும் என்றால், விலை விழுந்தாலும் உங்களுக்குத் தெரியாது.

ஈஎம்ஐ அடிமை

ஒரு சம்பளத்தில் என்ற இடத்தை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு சம்பளத்தையும் சேர்த்துக் காட்டி உச்சபட்சக் கடன் வாங்கிவிட்டு, குழந்தை பிறந்த வருடம் நாங்கள் சாப்பிட்ட ரசம் சோறு எண்ணிக்கையில் அடங்காது.

வாடகைக்குடி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வில்லங்கம் சார் சொன்னபடி சர்வே எண், அனுமதித் தேதி, யுடிஎஸ் மூன்றையும் மெயிலில் கேட்டேன். யுடிஎஸ் 290 என்று உடனே பதில் வந்தது. மற்ற இரண்டுக்கும் "நேரில் வாருங்கள் சார், விளக்குகிறோம்" என்று போன் வந்தது. மறுபடி மெயில் போட்டேன். மறுபடி போன். கூடவே மாடுலர் கிச்சன் இலவசம் என்றார்கள். சைட் ஆள் சார் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், அந்தப் பையன் நான் சம்மதித்துவிட்டேன் என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மேடவாக்கத்திலேயே ஒரு பழைய ஃபிளாட் பார்த்தோம். பன்னிரண்டு வருடக் கட்டடம், எட்டே வீடு, 940 சதுர அடி, யுடிஎஸ் 480. மிக்ஜாம் மழையில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கீழ்வீட்டுப் பாட்டியைக் கேட்டேன். காம்பவுண்டு கேட்டின் இரண்டாவது கம்பியைத் தொட்டுக் காட்டினார், வீட்டுக்குள் வரவில்லையாம். மனைவி கிச்சன் குழாயைத் திறந்து பார்த்தாள். தண்ணீர் வந்தது.

58 கேட்கிறார். நான் 52 சொன்னேன். "எனக்கு விற்க ஒன்றும் அவசரமில்லை சார், விலைக்கு வந்தால் கொடுப்பேன்" என்றார்.

ஓஎம்ஆர்2013

எத்தனை நாளாக விளம்பரத்தில் இருக்கிறது?

வாடகைக்குடி

பதினாலு மாதம்.

ஓஎம்ஆர்2013

நானும் பதினாலாவது மாதம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். 52-லேயே நில்லுங்கள். தீபாவளிக்கு முன்னால் அவரே போன் செய்வார்.